காற்றை ஏலம் விட்டவளுக்கு

என் மகளே,

வழக்கமாக நம் வீட்டுக் கடிதங்கள் "இங்கு யாவரும் நலம்" என்று தொடங்கும். இப்போது அப்படி எழுதினால் பொய்யாகிவிடும். உன் அம்மா காலையிலிருந்து உன் பெட்டியைப் பிரிப்பதும் அடுக்குவதுமாக இருக்கிறாள். நான் கடையைத் திறந்து வைத்துவிட்டு, பெயிண்ட் வாங்க வந்தவரிடம் சுண்ணாம்பை எடுத்துக் கொடுத்துத் திட்டு வாங்கினேன். நீ ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பெங்களூர் பஸ் ஏறுகிறாய் என்பதில் எங்கள் இரண்டு பேருக்கும் சந்தோஷம் தலைக்கு ஏறியிருக்கிறது, அதனால் கை கால் சரியாக வேலை செய்யவில்லை. இந்தக் கடிதத்தை நம் சபையின் மாத இதழில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ கோபப்படுவாய் என்று தெரியும். ஆராதனை முடிந்து வெளியே வந்தால் பாதிப் பேர் "உங்க மக என்ன வேல பாக்கா?" என்று கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் நின்று விளக்கம் சொல்ல எனக்குக் காலில் பலம் இல்லை. ஆகவே ஊரும் சேர்ந்து படிக்கட்டும்.

முதலில் ஊருக்கு ஒரு வார்த்தை. என் மகள் செய்வது ஒரு விளையாட்டு. செல்போன் கிடையாது, கம்ப்யூட்டர் கிடையாது. ஒரு மேசை, ஐந்தாறு பேர், பகடை, பென்சில், ஒரு விதிப் புத்தகம். அவ்வளவுதான். ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு நடத்துநர் என்று பெயர் வைத்திருக்கிறாள்; டிக்கெட் கிழிப்பாரா என்று நான் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். மற்றவர்கள் ஆளுக்கு ஒரு வேடம் எடுத்து, "நான் இப்போது இதைச் செய்கிறேன்" என்று வாயால் சொல்லி ஆடுவார்கள். கதை நடப்பது விண்வெளியில் போகிற ஒரு கப்பலில். கப்பலுக்குப் பெயர் பொருநை. வேறொரு சூரியனைச் சுற்றுகிற கிரகத்துக்குப் போகிறது. போகிற வழியில் கப்பல் பழுதாகிறது, உள்ளே காற்று குறைகிறது. கிரகம் நெருங்கும்போது என்ஜினைச் சரிசெய்து வேகத்தைக் குறைக்க வேண்டும். குறைக்காவிட்டால் கிரகத்தைத் தாண்டிப் போய்விடும், திரும்பி வர வழி இல்லை. யார் என்ன செய்தால் என்ன நடக்கும், எவ்வளவு காற்று செலவாகும், எப்போது பகடை உருட்டலாம், எப்போது கூடாது என்பதையெல்லாம் வரிவரியாக எழுதுவதுதான் என் மகளுடைய வேலை. இதற்கு மேல் கேட்கிறவர்கள் புத்தகம் வந்ததும் வாங்கிப் படிக்கலாம்.

இனி உன்னிடம் பேசுகிறேன். உனக்கு இந்தப் புத்தி எங்கிருந்து வந்தது என்று அம்மாவும் நானும் நேற்றும் சண்டை போட்டோம். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மாஞ்சோலைக்கு பஸ்ஸில் போனோமே, அந்தப் பயணத்தை அம்மா சாட்சிக்கு எடுத்துக்கொண்டாள். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் திணறித் திணறி ஏறிக்கொண்டிருந்தபோது, பஸ் ஒரு ராக்கெட் என்று அறிவித்தாய். இடது வளைவில் எல்லோரும் மூச்சைப் பிடிக்க வேண்டும், வலது வளைவில் விடலாம், வாந்தி எடுத்தவர் செத்துப்போனதாகக் கணக்கு. பக்கத்து சீட்டில் இருந்த தேயிலைத் தோட்டத்து அம்மாள் ஒருத்தி உன்னோடு ஆடத் தொடங்கினாள். இரண்டு வளைவு கழித்து, "ஏ பிள்ள, நேரா போகும்போது என்ன செய்யணும்? அதச் சொல்லலியே?" என்று கேட்டாள். நீ முகம் சிவந்து, யோசித்து, நேர்ப்பாதைக்கும் ஒரு விதி சொன்னாய். அந்த முகச் சிவப்பை நான் போன வருடம் முழுக்க நம் சாப்பாட்டு மேசையில் பார்த்தேன்.

சென்னையில் இருந்த வேலையை விட்டுவிட்டு வந்து நின்றபோது நான் கத்தினேன், அதை மறுக்கவில்லை. ஆனால் இரண்டு வாரம் கழிவதற்குள் நானே உன் சோதனை எலியாகிவிட்டேன். தூங்குகிறவன் எவ்வளவு மூச்சு விடுகிறான், ஏணியில் ஏறுகிறவன் எவ்வளவு விடுகிறான் என்று பார்க்க என்னை மாடிப்படியில் ஏற்றி இறக்கினாய். பயந்தவனுக்கு எவ்வளவு காற்று செலவாகும் என்று தெரிந்துகொள்ள, குளித்துவிட்டு வந்த என் முதுகுக்குப் பின்னால் தட்டைப் போட்டு உடைத்தாய். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற உன் அம்மா, என் மணிக்கட்டில் நாடி பார்த்துக்கொண்டே சிரித்தாள். நீ எழுதிய ஒவ்வொரு விதியையும் அவளைச் சத்தமாக வாசிக்கச் சொல்வாய். எந்த இடத்தில் அவள் குரல் தடுமாறுகிறதோ அந்த வரியை அடித்துவிட்டு வேறு மாதிரி எழுதுவாய். "இதுல யாரு குடுக்கணும், யாரு வாங்கணும்னே தெரியலயே" என்று அவள் சொன்ன ஒரு பத்திக்காக நீ ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாய். பெங்களூரில் படித்தவர்கள் பலர் உன் எழுத்தைப் பார்ப்பார்கள். அவர்கள் சொல்வதைக் கேள். ஆனாலும் யாரையாவது சத்தமாக வாசிக்கச் சொல்வதை விட்டுவிடாதே.

விதிகள் எல்லாம் சரியாக வந்தன, ஒன்றைத் தவிர. கப்பலில் எங்காவது ஒரு காற்று உருளை கிடைத்தால், அதை ஏலத்தில் எடுக்க வேண்டும் என்று எழுதியிருந்தாய். பணம் கிடையாது, வேலைதான் விலை. "என்ஜின் அறையில் இத்தனை முறை வேலை பார்க்கிறேன்" என்று யார் அதிகம் கேட்கிறாரோ அவருக்கு உருளை. எடுத்தவர் உருளையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மற்றவர்கள் மூச்சு முட்டிச் சாவார்கள். செத்தவர் வேலை செய்ய முடியாது, மிச்சமிருக்கும் ஒருவரால் என்ஜினைச் சரிசெய்ய முடியாது, பொருநை கிரகத்தைத் தாண்டிப் போய்விடும். எத்தனை தடவை ஆடினாலும் இதுதான் முடிவு. கேப்டன் சொன்னால் பங்கு வைத்தே ஆக வேண்டும் என்று ஒரு விதி போட்டுப் பார்த்தாய். ஆட்டம் ரேஷன் கடை வரிசை மாதிரி ஆகி எல்லோருக்கும் கொட்டாவி வந்தது. பதுக்குகிறவனைச் சிறையில் போடலாம் என்று ஒரு விதி போட்டாய்; அன்றைக்கு முழுக்க வக்கீல் வாதம்தான் நடந்தது, கப்பல் நகரவே இல்லை. நீ புத்தகத்தை மூடிவிட்டு, "மனுசங்களே இப்படித்தான் போல" என்று சொல்லிவிட்டாய்.

பிறகு நடந்ததை நான் எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன் என்று உனக்கே தெரியும், இங்கேயும் சொல்வேன். அம்மா, நான், அரிசி மண்டி தங்கதுரை அண்ணாச்சி மூன்று பேரும் ஆட உட்கார்ந்திருந்தோம். அறுவடைக்கு நன்றி சொல்லி நம் சபை கொண்டாடும் அறுப்பின் பண்டிகை முடிந்த மறுநாள். முந்தின நாள் முழுக்கச் சபைக் கோயில் வளாகத்தில் மைக் பிடித்து நான்தான் ஏலம் விட்டேன், என் தொண்டை கட்டியிருந்தது. வாழைத்தார், பூசணி, கோழி, முருங்கைக்காய்க் கட்டு என்று ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்ததை ஏலம் விடுவோம். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோனால் அவ்வளவு பெருமை இல்லை. விலையைக் கொடுத்துவிட்டு, பொருளை மேடைக்கே திருப்பிக் கொடுத்து, "திரும்ப ஏலம் போடுங்க" என்று சொன்னால்தான் கைதட்டல். ஒரே பூசணிக்காய் நாலைந்து கை மாறும். ஒவ்வொரு கையும் கோயிலுக்குக் கொடுத்துவிட்டுப் போகும். இந்த ஞாபகம் என் மண்டையில் ஓடிக்கொண்டிருந்ததால், அண்ணாச்சியோடு மல்லுக்கட்டிக் காற்று உருளையை எடுத்த நான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "சரி, திரும்ப ஏலம் போடுங்க!" என்று சொல்லிவிட்டேன்.

"அப்பா, அப்படி ஒரு விதி இல்ல" என்றாய் நீ.

"ஏட்டி, ஏலம்னா அந்த விதி இல்லாம இருக்குமா?"

"இது காத்துப்பா. பூசணிக்கா இல்ல. நீங்க செத்துப் போவீய."

"செத்தா என்ன, ஒரு மூச்சு இழுத்துட்டுதான் குடுக்கேன். அண்ணாச்சி, கேளும் வே!"

அண்ணாச்சி கேட்டார். அம்மா அதற்கு மேல் கேட்டாள். "நானும் ஒரு மூச்சு இழுத்துட்டுத் திருப்பிக் குடுக்கேன்" என்றாள். சத்தத்தில் பக்கத்து வீட்டு நாய் குரைத்தது. நீ மட்டும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாய். கோபம் என்று நினைத்து அம்மா என்னை முறைத்தாள். நீ வெளியே வந்தபோது உன் கையில் ஒரு புது விதி இருந்தது. உருளையை எடுத்தவர் ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு அதை மறு ஏலத்துக்குத் திருப்பித் தரலாம். அவர் ஏலத்தில் செய்வதாகச் சொன்ன வேலை அப்படியே கப்பலுக்குச் சேரும். அவர் பெயர் கப்பல் சுவரில் எழுதப்படும். பெயர் எழுதப்பட்டவர் ஆபத்தான நேரத்தில் ஒரே ஒரு தடவை பகடையைத் திரும்ப உருட்டலாம். திருப்பித் தர வேண்டும் என்று யாரையும் அது கட்டாயப்படுத்தவில்லை. நான் உளறியதுதான், ஆனால் உளறலை விதியாக்கத் தெரிந்தவள் நீ. என் பெயரைப் போட்டுக்கொள்ள எனக்கு ஆசை இருந்தும், அதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அடுத்த மாதம் முழுக்க அந்த விதியில் ஓட்டை கண்டுபிடிப்பதே எனக்கும் அண்ணாச்சிக்கும் தொழில். நானும் அவரும் கூட்டுச் சேர்ந்து ஒரே உருளையை மாற்றி மாற்றித் திருப்பிக் கொடுத்துச் சுவர் முழுக்க எங்கள் பெயரை எழுதினோம். ஒரு உருளையை ஒருவர் ஒரு தடவைதான் திருப்பித் தரலாம் என்று நீ அடைத்தாய். செய்ய முடியாத வேலையை வாய்க்கு வந்தபடி கேட்டோம். சொன்ன வேலையைச் செய்து முடிக்கும்வரை பெயர் எழுதக் கூடாது என்று நீ அடைத்தாய். "உம்ம மக நம்மள திருட விட மாட்டேங்காளே வே" என்று அண்ணாச்சி வருத்தப்பட்டார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. உன் விதியில் யாராவது ஓட்டை கண்டுபிடித்தால் முகத்தைத் தூக்காதே, மகளே. உன் மேல் அக்கறை இல்லாதவன் ஓட்டை தேட மாட்டான், பேசாமல் எழுந்து போய்விடுவான்.

இந்த மாதிரி விளையாட்டுப் புத்தகம் போடுகிற பெங்களூர் கம்பெனி ஒன்றுக்கு அனுப்பினாய். பிடித்திருக்கிறது என்றார்கள், ஆனால் ஒரு நிபந்தனை வைத்தார்கள். உன்னைத் தெரியாத ஐந்து பேரை அவர்களே தேர்ந்தெடுத்து அனுப்புவார்கள். அவர்கள் புத்தகத்தை மட்டும் பார்த்து முதலிலிருந்து முடிவுவரை ஆட வேண்டும். எழுதியவள் அதே அறையில் இருக்கலாம், ஆனால் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ஆட்டம் நடுவில் சிக்கி நின்றால் புத்தகமும் கிடையாது, பெங்களூர் வேலையும் கிடையாது. அதே வாரம் உன் பழைய ஆபீஸிலிருந்தும் திரும்ப வரச் சொல்லிக் கேட்டிருந்தார்கள். "இது நடக்கலன்னா திங்கக்கிழம அங்க போய்ச் சேந்துருதேன்பா. இனிமே இதப் பத்திப் பேச மாட்டேன்" என்றாய். நீ சொன்னால் செய்வாய். அதுதான் எனக்குப் பயம். இன்னொரு பயமும் இருந்தது, உன்னிடம் சொல்லவில்லை. நம் பண்டிகை ஏலத்தைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குத்தான் மறு ஏலம் பிடிபடும், மற்றவர்களுக்கு அது புத்தகத்தில் கிடக்கும் ஒரு வரி, யாரும் அதைத் தொடப்போவதில்லை என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது.

பாளையங்கோட்டையில் ஒரு சின்ன ஹாலில் அந்த ஐந்து பேரும் வந்து உட்கார்ந்தார்கள். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிற செல்விதான் நடத்துநர். மேலப்பாளையத்தில் துணிக்கடையில் வேலை பார்க்கிற ரஹ்மத், அம்பாசமுத்திரத்தில் செல்போன் பழுது பார்க்கிற கணவனும் மனைவியும், தூத்துக்குடியிலிருந்து கால்நடை மருத்துவம் படிக்கிற பெண் ஒருத்தி. கம்பெனியிலிருந்து வந்த மேடம் மூலையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தார். நீ ஜன்னல் ஓரம் நின்றாய். நான் டீ கொடுக்கிற ஆளாக உள்ளே புகுந்தேன். மேடம் என்னைப் பார்த்து, "சார், நீங்களும் பேசக் கூடாது" என்றார். ஏலம் விடுகிறவனைப் பார்த்துச் சொல்லக்கூடிய வார்த்தையா அது!

காலை முழுக்க எனக்கு உயிர் போய் உயிர் வந்தது. செல்வி ஒரு விதியைத் தேடிப் பக்கம் புரட்டும்போதெல்லாம் உன் உதடு அசையும், சத்தம் வராது. தேடியது கிடைத்துவிடும், உன் தோள் கீழே இறங்கும். மத்தியானச் சாப்பாட்டுக்குக் கூட அவர்கள் சரியாக எழுந்து போகவில்லை. முதல் இரண்டு உருளைகளையும் எடுத்தவர்கள் அப்படியே வைத்துக்கொண்டார்கள். ஒருவருக்கும் மறு ஏலம் கண்ணில் படவில்லை. சாயங்காலம் ஆனபோது பொருநையில் கடைசி உருளை மட்டும்தான் மிச்சம். அதில் நான்கு மூச்சு. நாலு பேருமே மூச்சு முட்டிக்கொண்டிருந்தார்கள். என்ஜினுக்கு இன்னும் நிறைய வேலை பாக்கி. ஒரே ஒரு ஆள் தப்பிக்கக் கூடிய சின்னப் படகு ஒன்றும் கப்பலில் இருந்தது. ரஹ்மத் உருளையை ஏலத்தில் எடுத்தார். அவர் மட்டும் அந்த நான்கு மூச்சையும் வைத்துக்கொண்டு படகில் ஏறினால் அவர் பிழைப்பார், ஜெயித்ததாகவே கணக்கு. அதையும் நீ நேர்மையாக எழுதி வைத்திருந்தாய்.

"எடுத்துக்கோங்க, நாங்கன்னா அதத்தான் செஞ்சிருப்போம்" என்று அம்பாசமுத்திரத்துக்காரர் சொல்லிவிட்டுப் பின்னால் சாய்ந்தார்.

ரஹ்மத் புத்தகத்தை இழுத்து, விரலை வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தார். விரல் ஓர் இடத்தில் நின்றது. மறுபடி அதே வரியைப் படித்தார். "இரிங்க, இரிங்க. இதத் திருப்பிக் குடுக்கலாம்னு போட்டிருக்கே! நான் சொன்ன வேல கப்பலுக்குத்தான் சேருதாம். அப்ப நான் ஒரு மூச்சு இழுத்துட்டுக் குடுத்தா, நீங்க கேப்பீய, நீங்க ஒண்ணு இழுத்துட்டுக் குடுத்தா இவுக கேப்பாவ... யா அல்லா, வேல ஏறிக்கிட்டே போவுமே!" என்று எழுந்து நின்றுவிட்டார். "திரும்ப ஏலம் போடுங்கம்மா!"

செல்வி மேசையில் தட்டி ஏலத்தைத் தொடங்கினாள். மனைவி கேட்டாள், இழுத்தாள், கொடுத்தாள். கணவர் கேட்டார், இழுத்தார், கொடுத்தார். "ஏன் ஒரு ஆளு ஒரு தடவதான் குடுக்கணும்?" என்று ரஹ்மத் கேட்க, தூத்துக்குடிப் பெண் புத்தகத்தைப் பார்த்து நீ எழுதிய காரணத்தை அப்படியே வாசித்தாள். "ஓ, களவாணித்தனம் பண்ணுவோம்னு தெரிஞ்சிருக்கு" என்று அவர் சிரித்தார். கடைசி மூச்சு அவளுக்கு. உருளை காலி. ஆளாளுக்குச் சொன்ன வேலையைச் செய்து முடித்தார்கள், என்ஜின் ஓடத் தொடங்கியது. கப்பலின் வேகத்தைக் குறைக்க ரஹ்மத் பகடை உருட்டினார். தோற்றார். "என் பேரு செவுத்துல இருக்குல்லா?" என்று கேட்டுக்கொண்டே மறுபடி உருட்டினார். பகடை மேசை ஓரம்வரை ஓடிப் போய் நின்றது. செல்வி குனிந்து பார்த்துவிட்டு, "வந்துட்டோம்!" என்று கத்தினாள். காலையில் ஒருவரை ஒருவர் தெரியாத ஐந்து பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தார்கள். டீ கிளாஸ் உருண்டது. நான் தோளில் கிடந்த துண்டை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தேன், அதையும் மீறி வெளியே வந்த சத்தம் தெருவில் கேட்டதாக அப்புறம் சொன்னார்கள். என் வாழ்நாளில் நான் எத்தனையோ ஏலம் விட்டிருக்கிறேன். அப்படி ஒரு சந்தோஷத்தை எந்த ஏலத்திலும் நான் பார்த்ததில்லை. அங்கே என் பயம் தோற்றது, என் மகள் ஜெயித்தாள்.

நம் கோயில் வாசலை மிதிக்காத ஒரு மனிதர் நீ எழுதிய வரியிலிருந்து மட்டும் அதைக் கண்டுபிடித்தார். நீ பக்கத்தில் நின்று சொல்லித் தரவில்லை. வீட்டில் நான் கேலி செய்ததும், கத்தியதும், மைக் பிடித்த பெருமையும் எதுவும் அந்த மேசையில் இல்லை. எழுத்து மட்டும் இருந்தது, அது போதுமானதாக இருந்தது. இனி யாராவது உன்னிடம் "விளையாட்டுதானே" என்று சொன்னால் வாதம் செய்யாதே, ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல். நேரத்துக்குச் சாப்பிடு. வாரத்தில் ஒரு நாள் புத்தகத்தைத் தொடாமல் இரு. அறை வாடகைக்கு எடுக்குமுன் தண்ணீர் வருமா என்று கேள். இதையெல்லாம் அம்மா சொல்லச் சொன்னாள்.

மேடம் குறிப்பை மூடிவிட்டு, "இனிமே ரைட்டர் பேசலாம்" என்றார். அத்தனை மணி நேரம் வாயடைத்து நின்ற நீ அழத் தொடங்கினாய். அந்த ஐந்து பேரும் பையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். ரஹ்மத்தான் கேட்டார்: "எம்மா, அந்தக் கிரகத்துல எறங்குனா அங்கன என்ன இருக்கு?"

"தெரியலண்ணே" என்றாய். "இன்னும் எழுதல."

"அப்ப சீக்கிரம் எழுதுங்க. நாங்க வந்து எறங்கிட்டோம்லா, வெளிய நிக்கோம்."

நீ போய் எழுது, மகளே. ஐந்து பேரைக் காக்க வைத்துக்கொண்டு இங்கே பெட்டி அடுக்கிக்கொண்டிருக்காதே.

உன் அப்பா